துடிமீனுக்குத் தாளம் போட்டவள்

இரண்டாவது நாளாகச் சோறு அரைவேக்காடாக இறங்கியது.

அமலோற்பவம் நம்பவில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். நடுவில் வெள்ளைப் புள்ளி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவள் நான்கு சோறு பார்த்தாள், நான்கிலும் புள்ளி. அதே அரிசி, அதே தண்ணீர், அதே அடுப்பு, கடிகாரம் காட்டிய அதே இருபது நிமிடம். தட்டோடு வரிசையில் முந்நூறு பேர் நின்றார்கள். நிலாவின் முதுகுப் பக்கத்தில், பூமியே கண்ணில் படாத ஒரு பள்ளத்தில், பனிக்கட்டி தோண்டுகிற 'மறுபுறம்' குடியிருப்பின் ஆட்கள். அவ்வளவு பேருக்கும் அவள் ஒருத்திதான் தலைமைச் சமையல்.

"அக்கா, இன்னைக்கும் இது சோறா, இல்ல பச்சரிசியா?" என்று ஒருவன் கேட்டான்.

"திங்கிறதுன்னா தின்னு. இல்லேன்னா நாளைக்கு நீயே வந்து பொங்கு."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. இருபத்தாறு வருடம் பொங்கிய கை அது. ஒப்பந்தம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான். முடிந்ததும் விண்கப்பல் ஏறித் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். மகள் ஜெனோவாவுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்குக் கடல் கப்பலில் வேலை, வர முடியாது. பிள்ளை பிறக்கிற நேரத்தில் பக்கத்தில் அம்மா இல்லாவிட்டால் அப்புறம் அம்மா எதற்கு? அந்த நாளை எண்ணி எண்ணித்தான் அவள் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். போகிற நேரத்தில் இப்படிக் கெட்ட பெயரா!

அன்றைக்கே பூமியிலிருந்து ஒரு கூத்தான செய்தி வந்தது. நேற்று சூரியன் இரண்டேகால் மணி நேரம் தாமதமாக உதித்ததாம். இன்று நாலரை மணி நேரம் தாமதமாம். பூமி சுற்றுவது மெதுவாகிவிட்டது என்று அறிஞர்கள் கூடிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் தப்பாக இருக்கலாம் என்று ஒரே ஒரு ஆளுக்காவது தோன்ற வேண்டுமே? தோன்றவில்லை.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாற்பது வருடமாக நிலாவிலும் பூமியிலும் ஒவ்வொரு கடிகாரமும் துடிமீனைக் கேட்டுத்தான் ஓடுகிறது. துடிமீன் என்பது செத்துப்போன ஒரு விண்மீனின் மிச்சம். கலங்கரை விளக்கம் போலச் சுற்றிக்கொண்டே நொடிக்கு இரண்டு முறை ஒரு ரேடியோத் துடிப்பை நம் பக்கம் வீசும். மறுபுறத்தில் இருந்த ஆன்டெனா அதைப் பிடித்து எல்லோருக்கும் அனுப்பியது. மனிதன் செய்த எந்தக் கடிகாரமும் அவ்வளவு சுத்தமாக ஓடியதில்லை. பிறகு மற்றதெல்லாம் எதற்கு என்று பழைய கடிகாரங்களைக் கழற்றிப் போட்டார்கள். ரயில், காற்றுப் பம்பு, ஆஸ்பத்திரி, சமையலறை அடுப்பு எல்லாம் துடிநேரம்தான். அளவுகோலே சுருங்கிப்போனால் அதை எதை வைத்து அளப்பது?

வேலை முடிந்ததும் அமலோற்பவம் பொழுதுபோக்குக் கூடத்துக்குப் போனாள். ஜைனுலாபிதீனும் பூங்கோதையும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ஜைனு காயல்பட்டினத்துக்காரன், தோண்டுபொறி ஓட்டுகிறவன். பூங்கோதை கோபிசெட்டிபாளையம், ஆன்டெனா அலுவலகத்தில் நேரக் கண்காணிப்பு. மூவருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூவருக்கும் இசை தெரியாது.

மேஜை மேல் மூன்று நிரைப்பெட்டிகள். யாரோ ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனவை. ஒவ்வொன்றிலும் பதினாறு பொத்தான்கள் ஒரே வரிசையில். ஒரு சின்ன விளக்கு இடமிருந்து வலமாக அந்தப் பொத்தான்கள் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தப் பொத்தானை அமுக்கி வைத்திருக்கிறோமோ அதைத் தொடும்போது ஒலி வரும். கடைசிக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான் சங்கதி. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பெட்டியோடு வந்த குறிப்புத்தாள் ஜப்பானிய மொழியில் இருந்தது.

முதல் வாரம் மூவரும் பதினாறு பொத்தானையும் அமுக்கி வைத்தார்கள். பந்தியில் இருக்கிற பதார்த்தத்தையெல்லாம் ஒரே இலையில் கொட்டிய மாதிரி ஒரே இரைச்சல். இரண்டாம் வாரம்தான் பொத்தானை எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அமலோற்பவம் நாலே நாலு பொத்தான் வைத்தாள்: தும், தும், தும், தும். ஜைனுவின் பெட்டி மணலைச் சுளகில் புடைப்பது போல நடுவில் 'சக்' போட்டது. பூங்கோதை எங்கேயோ ஓர் இடத்தில் மட்டும் மணி ஒலித்தாள். மூன்றும் ஒன்றாகச் சுற்றி வந்த அந்த முதல் தடவை மூவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு அதை ஓடவிட்டுக் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து ஒரு பாட்டுக்குக்கூடச் சரியாகக் கை தட்டத் தெரியாதவர்கள்! ஜைனு எழுந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "நாமளாக்கா இது?" என்று கேட்டான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. போட்ட தாளத்தைப் பெட்டிக்குள் சேமிப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது. அணைத்தால் அழிந்துவிடும். ஆகவே அணைப்பதே இல்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, ஓடவிட்டே போய்விடுவார்கள்.

"சோறு வேகமாட்டேங்குது தாயி" என்றாள் அமலோற்பவம், உட்கார்ந்ததும். "இருபது நிமிசம் வைக்கிறேன். பதினெட்டுல எடுத்த மாதிரி இருக்கு. கடிகாரம் பொய் சொல்லுது."

பூங்கோதை சிரித்தாள். "துடிநேரம் பொய் சொல்லாதுங்க்கா."

"அரிசி பொய் சொல்லாதுட்டி."

பூங்கோதைக்குச் சிரிப்பு நின்றது. பதினெட்டுக்கு இருபது. முந்தாநாள் ஜைனு 'இன்னும் கொஞ்சம் வேகமா ஓடட்டும்க்கா' என்று கெஞ்சி, அமலோற்பவம் தன் பெட்டியின் வேகத் திருகைச் சற்றுத் திருகினாள். பத்தில் ஒரு பங்கு இருக்கும். பூங்கோதை எழுந்து போய்ப் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். அங்கே இரண்டு துளைகள். 'வாங்கு' என்பதில் ஆன்டெனாக் கம்பியைச் செருகினால் பெட்டி துடிமீனின் தாளத்தை வாங்கிக்கொண்டு அதன்படி ஓடும். 'கொடு' என்பது பெட்டி தன் தாளத்தை வேறொரு பெட்டிக்குக் கொடுப்பதற்கு.

"இந்தக் கம்பிய யாருங்க்கா சொருகினது?"

"நாந்தான். தூசி தட்டிட்டுத் திரும்பச் சொருகினேன். ரெண்டு ஓட்டை இருந்துச்சு, ஒண்ணுல போட்டேன்."

"கொடுவுல போட்டிருக்கீங்க."

"அதனால என்ன? நல்லாத்தான ஓடுது?"

அதுதான் பிரச்சினையே. கூடத்துச் சுவரில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. துடிமீனின் துடிப்பை நேரடியாக 'டொக் டொக்' என்று ஒலிக்கும். பெட்டி தன் இஷ்டத்துக்கு ஓடியிருந்தால் சுவரின் 'டொக்'கும் பெட்டியின் 'தும்'மும் எப்போதோ பிரிந்து போயிருக்க வேண்டும். இரண்டு நாளாக ஒரு மயிரிழைகூடப் பிரியவில்லை.

பூங்கோதை அமலோற்பவத்தின் விரலைப் பிடித்துத் திருகின் மேல் வைத்தாள். "மெதுவாத் திருகுங்க்கா."

திருகினாள். தும், தும் என்று பெட்டி தளர்ந்தது. சுவரிலிருந்து டொக், டொக் என்று விண்மீனும் தளர்ந்தது.

"ஆத்தாடி!" என்றாள் அமலோற்பவம்.

பூங்கோதை கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அது ஆன்டெனாவிலிருந்து வருகிற கம்பி. அதன் வழியாக ஒரு ஈயைக்கூட வெளியே அனுப்ப முடியாது. "இப்பத் திருகுங்க."

கம்பி இல்லாமலே விண்மீன் வேகம் எடுத்தது. ஜைனு தன் பெட்டியைத் திருகிப் பார்த்தான்; ஒன்றும் இல்லை. பூங்கோதை திருகினாள்; ஒன்றும் இல்லை. அமலோற்பவம் திருகினால் மட்டும், அதே கணத்தில், டொக்.

"அது எம்புட்டுத் தூரத்துல இருக்கு பூங்கோதை?" என்று ஜைனு கேட்டான்.

"ஆயிரத்து இருநூறு ஒளியாண்டு."

"அப்படின்னா?"

பூங்கோதை சுவர் ஒலிபெருக்கியைக் காட்டினாள். "இப்பக் கேக்குற துடிப்பு அங்கிருந்து கெளம்பி ஆயிரத்து இருநூறு வருசம் ஆச்சு. நம்ம சேதி அங்க போய்ச் சேரவே இன்னும் ஆயிரத்து இருநூறு வருசம் ஆகோணும். இது நமக்குச் சொல்லுற பதில் இல்லீங்க. நாம கேக்கறதுக்கு முன்னாலயே கெளம்பி வந்தது."

மூவரும் சுவரையே பார்த்தார்கள். அவர்களுடைய ஊர்கள் பெயர்கூட இல்லாமல் கிடந்த காலத்தில், ஒரு துடிப்பு சற்றுத் தளர்ந்து புறப்பட்டிருக்கிறது. வழியில் எங்கும் நிற்காமல் வந்து, ஒரு சமையல்காரி ஒரு திருகைத் திருகுகிற அந்த நொடியில் சரியாகச் சேர்ந்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும்.

"அப்பவே அதுக்குத் தெரியுமா?" என்றாள் அமலோற்பவம். குரல் இறங்கிவிட்டது. "இன்னைக்கு நான் திருகுவேன்னு?"

"சுப்ஹானல்லாஹ்" என்றான் ஜைனு. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் அவள் பொங்கிய சோற்றை யாரும் எதிர்பார்த்துக் காத்திருந்ததாக அவள் நினைத்ததில்லை. இது காத்திருந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது, ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை.

பழைய வேகத்துக்குத் திருகை வைத்தார்கள்; முந்திப்போன கடிகாரங்களைத் திருத்தினார்கள். மறுநாள் பூமியில் சூரியன் ஒழுங்காக உதித்தது. சோறும் வெந்தது.

குடியிருப்புப் பொறுப்பாளர் வரதன் செய்தி கேட்டு ஓடிவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் கோப்பில் போட்டுப் பூட்டினால்தான் தூக்கம் வரும். "முதலில் இந்தத் தாளத்தை அழியாதபடி சேமியுங்கள்" என்று உத்தரவு போட்டார். ஜைனு குறிப்புத்தாளில் இருந்த படங்களைப் பார்த்து, இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினான். ஆழம் தெரியாமல் காலை விட்டான். அது சேமிக்கிற பொத்தான் அல்ல, துடைக்கிற பொத்தான்.

பெட்டி இருண்டது. சுவரும் நின்றது.

நாற்பது வருடமாக அந்தக் கூடத்தில் ஓயாமல் கேட்ட ஒலி அது. நின்ற பிறகுதான் அப்படி ஓர் ஒலி இருந்ததே தெரிந்தது. ஒரு நொடி. இரண்டு. ஆன்டெனா அறையில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. துடிப்பு நின்றால் ஓட வைத்திருந்த மாற்றுக் கடிகாரங்கள் பதினோரு நிமிடம்தான் தாங்கும். அதற்குள் துடிப்பு வராவிட்டால் காற்றுப் பம்பிலிருந்து பூமியின் ரயில் வரை எல்லாம் நிற்கும். மூன்று. நான்கு.

அமலோற்பவம் என்ன நினைத்தாளோ, மேஜையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

டொக்.

மறுபடி அடித்தாள். டொக். "ஏ, நிக்காத! இந்தா, இந்தா!" என்று தொட்டில் பிள்ளையிடம் பேசுவது போல் சொல்லிக்கொண்டே அடித்தாள். ஆயிரத்து இருநூறு ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடி வந்தது. உள்ளங்கை சிவக்கும்வரை அடித்தாள். பூங்கோதை பெட்டியில் புதிதாகத் தாளம் போட்டுக் கொடுத்தாள். விண்மீன் அதைச் சட்டை செய்யவில்லை. கடைசியில் அமலோற்பவம் வலது கையால் மேஜையை அடித்துக்கொண்டே இடது விரலால் தானே நான்கு பொத்தானை அமுக்கினாள். பிறகுதான் அது பெட்டியைப் பின்தொடர்ந்தது. ஜைனு முகத்தைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"விடு தம்பி. படிக்கிறப்ப எல்லாரும் தப்புப் பண்ணுறதுதான்" என்றாள்.

வரதன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, நீங்கள் ஊருக்குப் போக முடியாது."

புதிய கடிகாரங்கள் செய்து எல்லா இடத்திலும் மாட்ட இரண்டு வருடம் ஆகும் என்று பூமியில் சொல்லிவிட்டார்களாம். அதுவரை அவள் பெட்டியோடு இங்கேயே இருக்க வேண்டுமாம். அல்லது விண்மீன் ஒப்புக்கொள்கிற இன்னொரு கை வேண்டும்.

தேடினார்கள். குடியிருப்பின் முந்நூறு பேரும் வரிசையில் வந்து மேஜையைத் தட்டினார்கள். பூமியிலிருந்து பெரிய பெரிய மிருதங்க வித்வான்கள் திரையில் வந்து வாசித்தார்கள். கேட்டவர்களுக்குப் புல்லரித்தது, விண்மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எல்லாரும் சரியாத் தட்டுறாங்க" என்றாள் அமலோற்பவம். "அதான் அதுக்குப் பிடிக்கலியோ என்னவோ."

கப்பல் புறப்பட இரண்டு நாள் இருந்தது. ஜெனோவா திரையில் வந்தாள், முகம் வீங்கியிருந்தது. "வந்துருவியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அமலோற்பவம் இணைப்பைத் துண்டித்துவிட்டு நேரே வரதன் அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணு கேக்குறேன். நான் போறேனா இருக்கேனாங்கிறது அந்த விண்மீனுக்கு எப்பத் தெரியும்?"

"ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பே தெரியும் என்றுதான்..."

"ஒங்க உத்தரவு எப்பப் போட்டது?"

"நேற்று."

"அப்ப யாரு சொல்லு பெருசு சார்? நான் கப்பல்ல ஏறி அது நிக்கணும்னு இருந்தா, அது அப்பவே நின்னாச்சு. ஒங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. எம் பிள்ளை வலியில கெடக்கும்போது நான் அங்க இருக்கணும். அது மட்டும்தான் என் கையில இருக்கு."

வரதன் கோப்பை மூடி வைத்தார். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும், அணையவே கூடாது, பூங்கோதையோடு எப்போதும் தொடர்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அவளை அனுப்பினார்.

கப்பலில் பெட்டி ஓடியது. விண்மீன் கூடவே வந்தது. பிரசவ அறை வாசலில் பெட்டி ஓடியது. சுகப்பிரசவம், பெண் குழந்தை, மூன்று கிலோ. குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டபோது அமலோற்பவம் மடியில் என்ன இருக்கிறது என்பதையே மறந்துபோனாள்.

இருபதாவது நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பெட்டி பிரிட்ஜ் மேல் தும் தும் என்று தன் பாட்டுக்கு இருந்தது. குழந்தை ஓயாமல் அழுதது. அமலோற்பவம் அதைப் பாயில் போட்டுத் தொடையில் தட்டிக் கொடுத்தாள். அழுகை விசும்பலாயிற்று. பிள்ளை அமைதியாக ஆக, தட்டுகிற கையும் தானாகவே மெதுவாயிற்று. உலகத்தில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் கை போகும்.

பக்கத்தில் இருந்த திரை அலறியது. பூங்கோதை.

"அக்கா! அது பெட்டிய விட்டுருச்சு! என்ன பண்றீங்க? எல்லாக் கடிகாரமும் தூங்கி வழியுதுங்க்கா!"

"பிள்ளையத் தட்டிக்கிட்டிருக்கேன்" என்று கிசுகிசுத்தாள். "சத்தம் போடாத."

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். திரைக்குப் பின்னால் டொக்... டொக்... என்று அந்தப் பழைய விண்மீன், ஒரு தூத்துக்குடிக் குழந்தையின் தொடை மேல் விழுகிற கையோடு கையாகத் துடித்தது. அங்கே ஜைனுவும் வந்து நின்றான். மூவரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். எத்தனை பெரிய பொருள், எத்தனை இதமாகத் தட்டுகிறது! அமலோற்பவத்துக்கு அழுகை வந்தது.

குழந்தை தூங்கிவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை. பெட்டி பிரிட்ஜ் மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை இனி விண்மீன் கேட்குமா என்று யாருக்குத் தெரியும்? அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. தோள் கடுத்தது, விரல்கள் மரத்தன.

ஜெனோவா எட்டிப் பார்த்தாள். "அவதான் தூங்கிட்டால்லா, கையை எடேன்."

"எடுக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"எத்தனை நாளைக்கும்மா?"

அமலோற்பவம் திரையைப் பார்த்தாள். பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துருங்க்கா" என்றாள்.

எடுத்தாள்.

சத்தம் நின்றது. சுவர்க் கடிகாரத்தின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. தெருவில் வெள்ளரிக்காய் விற்கிறவன் ஒன்றும் தெரியாமல் கூவிக்கொண்டு போனான். பெட்டியை மடியில் எடுத்து வைத்து நான்கு பொத்தானையும் புதிதாக அமுக்கிப் பார்த்தாள், பயனில்லை. தரையைத் தட்டினாள்; பயனில்லை. ஐந்து நிமிடம். ஏழு. ஒன்பது. பூங்கோதை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஜைனு கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

டொக்.

"வந்துருச்சு!" என்று பூங்கோதை கத்தினாள். "மறுபடி என்ன பண்ணுனீங்க்கா?"

"ஒண்ணும் பண்ணலயே. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். ஒழுங்கே இல்லாத தாளம். ஆனால் விண்மீன் அதை அவ்வளவு கவனமாகப் பின்பற்றியது. சுவர்க் கடிகாரத்தின் முள் இரண்டு தாவி நின்றது, பிறகு ஒன்று தாவியது. அமலோற்பவம் மெல்லக் குனிந்து பாயைப் பார்த்தாள். தூக்கத்திலிருந்து விழித்த பேத்தி, பொக்கை வாயைத் திறந்து எதையோ பார்த்துச் சிரித்தபடி, இடது காலால் பாயை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா? அப்ப அது யாருங்க்கா?"

இந்தக் குட்டிக் காலுக்காகவும் அது ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பே புறப்பட்டு வந்திருக்கிறது. அமலோற்பவம் அந்தப் பிஞ்சுப் பாதத்தைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"புதுசாப் படிக்க ஒரு ஆள் வந்திருக்கா, பூங்கோதை" என்றாள். "ஒலகத்தைக் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கிடச் சொல்லு."